ஏரிக்கு யார் வண்டி ஓட்டுவது?

மார்ச் 4, செவ்வாய்

ஸ்கேனில் ஒன்றுமில்லை.

இதை எழுதத்தான் இன்று நோட்டை எடுத்தேன். கட்டி இல்லை. கசிவு இல்லை. நரம்பு டாக்டர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இருபத்தைந்து வருஷமாகத் தலையணையில் பக்கத்தில் கிடக்கிற தலை, உள்ளே இப்படித்தான் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். "இதுல பயப்படுற மாதிரி ஒண்ணுமே இல்லம்மா" என்றார். ஒரு மாதமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது. நான் அழுதுவிட்டேன்.

தலைக்குச் சொந்தக்காரர் அழவில்லை. "அப்ப எப்ப பஸ் எடுக்கலாம்?" என்று கேட்டார்.

டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "சொந்த வண்டின்னா, ஒரு தடவகூட வலிப்பு வராம முழுசா ஆறு மாசம் போகட்டும். பஸ் வேணாங்க. அம்பது பேரு பின்னாடி உக்காந்திருப்பாங்க. அத மறந்துடுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர். பிப்ரவரி ஆறாம் தேதி கடைசி நடை முடித்து, வண்டியைப் பணிமனையில் நிறுத்தி, சாவியை உருவின பிறகுதான் வந்தது. கண் நிலைகுத்தி, உதடு எதையோ மெல்லுகிற மாதிரி அசைந்து, அப்படியே ஸ்டியரிங் மேல் சாய்ந்து கை கால் வெட்டியது என்று நடத்துநர் சொன்னார். எல்லோரும் இறங்கிவிட்ட பிறகு. எல்லோரும் இறங்கிவிட்ட பிறகு. இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேனோ.

வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். எனக்கு மட்டும் பசித்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

மார்ச் 5, புதன்

எழுந்ததும் முதலில் ஞாபகம் வந்தது: ஒன்றுமில்லை. இன்னொரு முறை தூங்கிவிட்டு இன்னொரு முறை எழுந்து இதே ஞாபகம் வந்தால் நன்றாக இருக்கும் என்று பட்டது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று வேனை ரத்து செய்யப் போனை எடுத்தார்.

ஜனவரியில் அவராகவே ஆசைப்பட்டு ஏற்பாடு செய்தது. மே மாதம் எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மலைமேல் இருக்கிற மூன்று ஏரிகளுக்கும் போவது. நான்கு நாள், ஒவ்வொரு கரையிலும் வேனை நிறுத்தித் தங்குவது. "ஊரையே ஏத்தி எறக்கிட்டேன், உன்னைய ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனதில்ல" என்று அப்போது சொன்னார்.

"ரத்து பண்ணாதீங்க. நான் ஓட்டுறேன்" என்றேன். நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம்.

சிரித்தார். பிப்ரவரிக்குப் பிறகு முதல் சிரிப்பு. "நீயா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனுஷனுக்கு. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்றாலும் கோபம் வரவில்லை. சிரிக்கட்டும்.

என்னிடம் உரிமம் இருக்கிறது. ஒரு தடவைகூடத் தவறாமல் புதுப்பித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் பின்பக்கமாகக் காரை எடுக்கும்போது வாசல் கேட்டில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். பின் இருக்கையில் மகள், மூன்று வயது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் என்னைத் திட்டவும் இல்லை. "விடு, இனிமே நான் பாத்துக்குறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையின் மேல் பதினாறு வருஷம் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டேன்.

மகளுக்குப் போன் போட்டேன். விடுதியிலிருந்து கத்தினாள்: "அம்மா! நீயா? வளைவுலயா?" அப்புறம், "எனக்குப் பரீட்சை, நல்லவேளை" என்றாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தது.

மார்ச் 15, சனி

வேன்காரம்மாவைப் பார்க்கப் போனோம். நாற்பது வயசு இருக்கும். தொழில் எலக்ட்ரீஷியன். சாமான் ஏற்றுகிற பழைய வேன் ஒன்றை வாங்கித் தானே பலகை அடித்து, கம்பி இழுத்து, விளக்குப் போட்டு வீடாக மாற்றியிருக்கிறாள். ஒவ்வொரு சுவிட்சுக்குப் பக்கத்திலும் கையெழுத்தில் ஒரு சீட்டு. கழிவறைக் கதவில்: "வண்டி ஓடும்போது வேண்டாம். அனுபவத்தில் சொல்கிறேன்."

சாவியை நீட்டி அவரிடம்தான் பேச ஆரம்பித்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அவங்கதான் ஓட்டுறாங்க" என்றார். அதைச் சொல்ல அவர் என்ன பாடு பட்டாரோ. காதெல்லாம் சிவந்துவிட்டது.

வேன்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா, பக்கத்துல உக்காந்து பாக்காம நான் யாருக்கும் குடுக்கறதில்ல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வாங்க. எனக்கு நம்பிக்கை வந்தா எடுத்துட்டுப் போங்க. வரலேன்னா வருத்தப்படக் கூடாது."

ஆறு மீட்டர் நீளம். நான் கேட்டில் இழுத்த கார் இதில் பாதிதான் இருக்கும்.

மார்ச் 23, ஞாயிறு

சந்தைக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானம். வேன்காரம்மா பக்கத்து இருக்கையில், அவர் எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு.

நான் கிளட்சை மிதிப்பதற்குள் அவர் மிதிக்கிறார், தரையில். நான் பிரேக்கைத் தொடுவதற்குள் "பிரேக், பிரேக்" என்கிறார். கண்ணாடியைப் பார், இந்தக் கண்ணாடி இல்லை, அந்தக் கண்ணாடி. மூன்று தடவை இஞ்சின் அணைந்தது. நான்காவது தடவை வேன்காரம்மா திரும்பி, "சார், நீங்க போய்ப் பின்னாடி கட்டில்ல உக்காந்து திரைய இழுத்து விட்டுக்குங்க" என்றாள். போனார்! மாமியார் சொல்லிக்கூட எழுந்து போகாத மனுஷன்.

திரை இழுத்த பிறகு மைதானத்தை எட்டுச் சுற்று சுற்றினேன்.

"இத வண்டின்னு நெனைக்காதீங்கக்கா. வீட்ட நகத்துறோம்னு நெனைங்க. வீட்ட யாராச்சும் வெடுக்குன்னு நகத்துவாங்களா?"

பொய்ப்பல் செய்கிற கூடத்தில் என் வேலையே பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கு. கடைவாய்ப் பல் அந்த அளவு உயர்ந்தால்கூடப் போட்டுக்கொள்கிறவர் சாப்பிட முடியாது. அந்தக் கண்ணுக்கு இந்த வேனின் இடது ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. என்ன கண்ணோ.

மார்ச் 30, ஞாயிறு

ஒரு வாரமாக அவர் சாப்பாட்டு மேசையை எனக்குத் தரவில்லை. மலைப்பாதை மேப், அடிஸ்கேல், மூன்று நிறப் பேனா. பயணத்துக்குப் பேருந்து அட்டவணை மாதிரியே ஒன்று போட்டிருக்கிறார். புறப்பாடு 6.10. முதல் நிறுத்தம் 7.55, பன்னிரண்டு நிமிடம். மலையடிவாரம் 9.20. கொண்டை ஊசி வளைவு பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் எந்த கியர், எதிரில் பெரிய வண்டி வந்தால் எங்கே ஒதுங்கலாம், எல்லாம். இரண்டாவது ஏரிக்கரையில் தண்ணீர் நிரப்புகிற குழாய் நுழைவாயிலுக்கு வலப்பக்கம் என்பதுவரை போன் போட்டு விசாரித்து எழுதியிருக்கிறார்.

"டிரைவர் டீ குடிக்க நேரம் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் அந்தப் பன்னெண்டு நிமிஷம்" என்றார் நிமிராமல்.

வீட்டுக்குள் பழைய மனுஷன் திரும்பி வந்துவிட்டது போல இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

வந்துவிட்டது.

மேப்பில் ஐந்தாவது வளைவைக் காட்டிக்கொண்டிருந்தார். "இங்க நீ ரெண்டாவதுல—" என்று சொல்லி நின்றார். நான் கியர் ஞாபகம் வரவில்லையாக்கும் என்று காத்திருந்தேன். கண் மேப்பில் இல்லை, என்மேல் இல்லை, எங்கேயும் இல்லை. விரல்கள் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தன. உதடு மெல்லுகிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடி. விழவில்லை, வெட்டவில்லை. பேனா மட்டும் கீழே உருண்டது.

பிறகு, "என்ன, ஏன் அப்படிப் பாக்குற?" என்றார்.

சொன்னேன்.

"ஏதோ யோசனைல இருந்திருப்பேன்."

"இல்லங்க."

நீண்ட நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "டாக்டர்ட்ட சொல்லாத. சொன்னா ஆறு மாசம் மறுபடி மொதல்லேருந்து. பாதைய நான் இவ்ளோ பாத்து வச்சிருக்கேன்... பயணமும் வேணாம்பாரு."

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போக வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வேலையில் தப்பு. ஒரே பல் செட்டில் மேல் வரிசைக்கு ஒரு நிறம், கீழ் வரிசைக்கு வேறு நிறம் எடுத்து அடுக்கிவிட்டேன். பதினேழு வருஷத்தில் இப்படிச் செய்ததில்லை. மெழுகைச் சுரண்டி எடுத்து மறுபடி முதலிலிருந்து.

சொன்னால் அவருக்கு நான் துரோகி. சொல்லாவிட்டால்? ஏரிக்கரையில் தண்ணீர் மொண்டுகொண்டு வரப் போகிறவருக்கு அங்கே நாற்பது விநாடி வந்தால்? நாற்பது விநாடி போதுமே.

எனக்கும் அந்தப் பயணம் வேண்டும். அதையும் எழுதிவிடுகிறேன். நேற்று ஒரு நிமிடம், சொல்லாமலே விட்டுவிட்டால்தான் என்ன என்று எனக்கும் தோன்றியது. அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

சொல்லப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

"நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியுமே! நான் யாரு? நான் ஆளில்லையா? என்னமா ஒரு கேள்வி கேட்டாரு. இருவத்தஞ்சு வருஷம் கூடவே இருந்தவ "யாரு"ல சேத்தி இல்லியா? கத்திட்டேன். பக்கத்து வீட்ல ஜன்னலைச் சாத்தினாங்க. சாத்தட்டும்.

அவர் மேப்பை மடித்து அலமாரிக்கு மேல் போட்டுவிட்டார். சாப்பாடு தனித்தனியாக.

ஏப்ரல் 11, வெள்ளி

டாக்டரிடம் போய் வந்தாயிற்று.

டாக்டர் அறைக்கு வெளியே அரை மணி நேரம். உள்ளே கூப்பிட்டார்கள். "எப்படி இருக்கீங்க?" என்றார் டாக்டர். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம ஒண்ணு வந்துச்சு டாக்டர். இவ பாத்தா." பிறகு, "அது மூணாவது" என்றார்.

மூணாவது.

ஒன்று முகம் மழிக்கும்போதாம். தாடையில் அந்த வெட்டு, பிளேடு புதுசு என்றாரே, அது. இன்னொன்று நான் வேலைக்குப் போன பிறகு, அடுப்பு, பால் பொங்கி அணைந்து கிடந்ததாம். எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. அடுப்பா? காஸ் திறந்திருக்க இவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாரா?

டாக்டர் கோபப்படவில்லை. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

"சாப்பிடுறேன்."

"எவ்ளோ?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னார்: "பாதி."

ஒரு மாதமாகப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டிருக்கிறார்! முழுசாகச் சாப்பிட்டால் தலை பஞ்சு மாதிரி இருக்கிறதாம், சும்மாவே கோபம் வருகிறதாம். "முழு மாத்திரை சாப்பிட்டா முழு நோயாளி மாதிரி இருந்துச்சு டாக்டர்" என்றார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபத்தோடுதான் பிடித்தேன், நன்றாக அழுத்தி.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். "நல்லவேள சொன்னீங்க. நான் மருந்தே கேக்கலியோன்னு இன்னொரு மருந்து சேத்திருப்பேன். பாதி மாத்திரை பாதி நோயைத்தான் புடிக்கும். கோபம் வர்றது மருந்தோட வேலைதான், அதுக்கு வேற மாத்திரைக்கு மாத்திக்கலாம். இத மொதல்லயே சொல்லியிருந்தா மூணும் வந்திருக்காது."

அவ்வளவுதான். நோய் முற்றவில்லை. மருந்து தோற்கவில்லை. நாங்கள் மருந்தை முழுசாகக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் பயணத்தைப் பற்றிக் கேட்டேன். கேட்கவே வெட்கமாக இருந்தது. "யாரு வண்டி ஓட்டுறா?" என்றார் டாக்டர்.

"நான்."

"அப்ப தாராளமா போங்க. மேல் தட்டுல படுக்க வைக்காதீங்க, தனியா தண்ணில எறங்க விடாதீங்க. அதுவரைக்கும் எதுவும் வராம இருந்தாச் சரி."

வாசலில் நிழலில் நின்றோம். "உள்ள போறப்ப, நீ சொல்லிடுவேன்னு இருந்துச்சு" என்றார். "அப்புறம் உன் மூஞ்சியப் பாத்தேன். நீ சொல்லி நான் கேக்குறத விட நானே சொல்லிடலாம்னு தோணிச்சு."

ஏப்ரல் 12, சனி

மகளிடம் சொன்னோம். அப்பா மருந்தால் கோபப்பட்டார் என்றதற்கு, "மருந்துக்கு முன்னாடி வந்த கோபத்துக்கு எந்த மாத்திரைமா?" என்றாள். ஸ்பீக்கரில் இருந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

காஸ் அடுப்பை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது. சொல்லியும் விட்டேன், மூன்று தடவை. மூன்றாவது தடவையும் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ரிவர்ஸ். இரண்டு டிரம்முக்கு நடுவில். முதல் தடவை டிரம் உருண்டது. இரண்டாவது தடவை அது தப்பித்தது, வேன்காரம்மாவின் செருப்பு நசுங்கியது (கால் உள்ளே இல்லை). ஆறாவது தடவை போய் நின்றது. இரண்டு பக்கமும் ஒரு சாண். இறங்கிப் போய் அளந்து பார்த்தேன்.

இனி என் கண்ணை நம்பலாம் என்று நினைக்கிறேன். பல் மாதிரியேதான். முழு வாயையும் பார்த்தால் பயம். ஒரு ஓரத்தைப் பார்த்து அதிலிருந்து நகர்ந்தால் சரியாக வருகிறது.

வேன்காரம்மா, "எடுத்துட்டுப் போங்கக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் பட்டம் வாங்கின மாதிரி இருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

பணிமனையிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். கால அட்டவணைப் பிரிவில் ஒரு மேசை. எந்த பஸ் எத்தனை மணிக்கு, எந்த டிரைவர் எந்தத் தடத்தில் என்று போடுகிற வேலை. போன மாதம் அவர்கள் இதே வேலைக்குக் கேட்டபோது, "மேசை தேய்க்கிறவன்னு நெனச்சியா" என்று என்மேல் பாய்ந்தார். இன்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பன்னெண்டாம் நம்பர் தடத்துல டிரைவருக்கு மூத்திரம் போகக்கூட நேரம் விடல. எவன் போட்டானோ. ஒரு நாளு ஓட்டிப் பாத்தவனா இருந்தா இப்படிப் போடுவானா?" வந்ததிலிருந்து இதே பேச்சு. சேரப் போகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார்.

மே 2, வெள்ளி

மூன்று வாரம். ஒன்றும் வரவில்லை. புது மாத்திரையில் தலை பஞ்சாகவும் இல்லையாம். ஜூன் முதல் தேதி அட்டவணைப் பிரிவில் சேருவதாக எழுதிக் கொடுத்துவிட்டாராம், போகிற போக்கில் சொன்னார், சட்டையை மாட்டிக்கொண்டே. அப்பாடா.

மே 12, திங்கள்

போர்வை நான்கு. டார்ச். மாத்திரை இரண்டு இடத்தில், என் பையிலும் அவர் பையிலும். காஸ் சிலிண்டர் மூடும் முறையை வேன்காரம்மா இருவரையும் செய்து காட்டச் சொன்னாள். மேப் அலமாரி மேலிருந்து இறங்கிவிட்டது. பூதக்கண்ணாடி வேறு வாங்கி வந்திருக்கிறார்.

மே 16, வெள்ளி. முதல் ஏரி.

வந்து சேர்ந்தோம். அட்டவணைப்படி 11.05. உண்மையில் 12.40. முதல் வளைவில் நான்தான் நின்றுவிட்டேன். ஒதுங்குமிடத்தில் நிறுத்தி ஐந்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டு, "காத்து நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான். பிறகு நானாக எடுத்தேன். ஏழாவது வளைவில் எதிரே ஒரு லாரி. லாரிக்காரர் நின்று, கையைக் காட்டி, எனக்கு வழி விட்டார். கடைசி வளைவு திரும்பியதும் கீழே தண்ணீர் தெரிந்தது. மலை மொத்தமும் அதில் தலைகீழாக.

நுழைவாயிலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அவர்தான் வாங்கி நிரப்பினார். ஓட்டுநர் என்ற இடத்தில் என் பெயர். உடல்நலக் குறைவு ஏதேனும் இருந்தால் என்ற இடத்தில் பேனா நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. "எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று எழுதி, காவலாளி பக்கம் திருப்பி, "எழுத்து புரியுதா?" என்று கேட்டார்.

மே 18, ஞாயிறு. இரண்டாவது ஏரி.

இன்று காலை பக்கத்தில் வந்து நின்ற வண்டிக்காரர், கல்யாணமாகிப் புதுசு போல, இரண்டு மரத்துக்கு நடுவில் பின்பக்கமாக ஏற்ற முடியாமல் அரை மணி நேரம் திணறினார். கடைசியில் இறங்கி எங்கள் பக்கம் வந்தார். நேராக என் வீட்டுக்காரரிடம் போய், "சார், உங்களப் பாத்தா பழைய டிரைவர் மாதிரி தெரியுது. கொஞ்சம் ஏத்திக் குடுக்குறீங்களா?" என்றார்.

அவர் மடியில் தட்டு, கையில் உருளைக்கிழங்கு. "வண்டி விஷயமெல்லாம் அவங்ககிட்ட கேளுங்க தம்பி" என்றார்.

போனேன். எங்கள் வேனைவிட நீளம். இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் திருப்பி, இடது மரத்தின் அடியை மட்டும் பார்த்துக்கொண்டு மெதுவாக விட்டேன். வண்டிக்காரர் மனைவி பின்னால் நின்று வா வா என்று கை காட்டினாள். ஒரே தடவையில் போய் நின்றது. இருவரும் கை தட்டினார்கள்.

இறங்கி, பார்த்தாரா என்று திரும்பினேன்.

பார்க்கவே இல்லை. கால் தரையில் பிரேக் மிதிக்கவும் இல்லை. ஏரிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு தோல் சீவிக்கொண்டிருந்தார்.